நிரல் நினைவகத்தை அடையும் முறை

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் சிற்றூர்களில் காலையும் மாலையும் உழவர்கள் பால் சேகரிப்பு நிலையத்தின் முன் காத்து நிற்பதைக் கள அலுவலர் நன்கு அறிவர். பாலின் கொழுப்பளவை ஒரு சிறு மின்னணுக் கருவி காட்டுகிறது. அவ்வளவைக் கொண்டே விலை கணக்கிடப்படுகிறது. கருவியினுள் அமைந்த நுண்செயலி, பிளாஷ் நினைவகத்தில் பதித்த நிரலின்படி இயங்குகிறது. பொறியாளர் எழுதிய நிரல் அந்நினைவகத்தை எவ்வாறு அடைகிறது? இடையில் நிகழும் ஒரு மாற்றத்தில் பிழை நேரின், உழவர் பெறும் கூலியே மாறிவிடக்கூடும். ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வோம்.

பொறியாளர் பெரும்பாலும் 'சி' மொழியில் நிரலை எழுதுகிறார். கம்பைலர் அதனை யந்திரக் கட்டளைகளாக மாற்றுகிறது. லிங்க்கர் அக்கட்டளைகளுக்கு முகவரிகளை வகுத்து, 'எல்ஃப்' எனப்படும் கோப்பைத் தருகிறது. கட்டளைகளும் மாறிலிகளும் மட்டுமன்றி, மாறிகளின் பெயர்கள், பிழை தேடுவதற்குரிய வரிக்குறிப்புகள் முதலியனவும் இக்கோப்பில் உள்ளன. பெரிய கணிப்பொறியில் இதனைப் படித்து ஏற்றுவதற்கு இயக்க அமைப்பு உண்டு. சிறு நுண்செயலிக்கோ அத்தகைய துணை பெரும்பாலும் இல்லை. மின்சாரம் வந்தவுடன் குறிப்பிட்ட ஒரு முகவரியிலிருந்து அது கட்டளைகளைப் படிக்கத் தொடங்கிவிடும். எனவே, வீடு கட்டி முடிந்ததும் சாரத்தைப் பிரித்தெடுப்பது போல, நினைவகத்தில் இருக்க வேண்டிய பைட்டுகளை மட்டும் பிரித்தெடுத்தல் வேண்டும். 'ஆப்ஜ்காப்பி' என்னும் கருவிநிரல் இப்பணியைச் செய்கிறது.

பிரித்தெடுத்த கோப்பு இரு வகைப்படும். 'பின்' கோப்பில் பைட்டுகள் மட்டுமே வரிசையாக இருக்கும், முகவரி இராது. எங்கிருந்து பதிப்பது என்பதைப் பதிப்பவரே கூறவேண்டும். 'ஹெக்ஸ்' கோப்பு, துளையிட்ட காகித நாடாக்கள் வழங்கிய 1970-களில் இன்டெல் நிறுவனம் வகுத்த முறையாகும். இதில் ஒவ்வொரு வரியும் தன் முகவரியையும் ஒரு சரிபார்ப்பெண்ணையும் தாங்கி வருகிறது. ஒரு வரியைக் காண்போம்:

:040100001020302576

எண்கள் யாவும் பதினாறின் அடியில் எழுதப்பட்டவை. முதலில் வரும் 04, தரவு நான்கு பைட்டுகள் என்பதைக் குறிக்கும், 0100 முகவரி, 00 இது தரவு வரி என்னும் குறி, 10, 20, 30, 25 ஆகியன தரவுகள், இறுதியில் உள்ள 76 சரிபார்ப்பெண். இவற்றைப் பத்தின் அடிக்கு மாற்றிக் கூட்டினால் 4+1+0+0+16+32+48+37 = 138. இதனை 256-லிருந்து கழிக்க எஞ்சும் 118 என்பதே பதினாறின் அடியில் 76. பெறும் கருவி எல்லாவற்றையும் கூட்டி 256 ஆல் வகுக்கும்போது மீதி பூச்சியமாதல் வேண்டும். ஒரு பைட்டு மாறினும் பிழை வெளிப்படும். ஆயினும் இரு பைட்டுகள் தம்முள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. அப்பிழையை இம்முறை காணாது.

இனி, அடிக்கடி நேரும் பிழையொன்றைக் கூறுவோம். தொடக்க மதிப்புடைய மாறிகளுக்கு இரு முகவரிகள் உண்டு. நிரல் இயங்கும்போது அவை ரேம் நினைவகத்தில் இருக்கும். மின்சாரம் நின்றால் ரேம் அழிந்துவிடுமாதலால், அவற்றின் தொடக்க மதிப்புகளைப் பிளாஷில் வைத்து, நிரல் தொடங்கும்போது ரேமுக்குப் படியெடுத்தல் வேண்டும். கொழுப்பளவைத் திருத்தும் எண் இத்தகைய மாறி எனக் கொள்வோம். லிங்க்கருக்குப் பிளாஷ் முகவரியைக் கூறத் தவறினால் என்ன ஆகும்? பொறியாளரின் மேசையில் பிழைதேடும் கருவி எல்ஃப் கோப்பிலிருந்து நேரே ரேமிலேயே எண்ணை வைத்துவிடும். கருவி சரியாக இயங்கும். ஆனால் ஊரில் மின்சாரம் ஒருமுறை நின்று வந்ததும், அவ்விடத்தில் பொருளற்ற எண்ணே இருக்கும்.

எஸ்.டி.எம். 32 வகைச் செயலிகளில் பிளாஷ் 08000000 என்ற முகவரியிலும் ரேம் 20000000 என்ற முகவரியிலும் தொடங்குகின்றன. மேற்கூறிய பிழையுடன் பின் கோப்பை ஆக்கினால், இடைவெளி முழுவதும் நிரப்பப்பட்டுக் கோப்பு 40 கோடி பைட்டுகளுக்கு மேல் பெருத்துவிடும். பிழை உடனே தெரியும். ஹெக்ஸ் கோப்போ சிறிதாகவே இருந்து பிழையை மறைத்துவிடும். ஆகவே கோப்பின் முகவரி எல்லைகளைப் பார்ப்பதும், பதித்ததைத் திரும்பப் படித்து ஒப்பிடுவதும், மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கிச் சோதிப்பதும் இன்றியமையாதன. ரேணிகுண்டாப் பகுதியில் உள்ளவை போன்ற மின்னணுத் தொழிற்சாலைகளில் ஒரே கோப்பு ஆயிரக்கணக்கான பலகைகளில் பதிக்கப்படுமாதலின், ஒரு பிழை ஆயிரம் பிழையாகும்.

சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'சக்தி', சி-டாக் நிறுவனத்தின் 'வேகா' ஆகிய இந்தியச் செயலிகளுக்கும் இவ்வடிப்படை பொருந்தும். மேற்காட்டிய வரியில் 10 என்பதை 11 ஆக மாற்றி, மீதி என்னவாகிறது எனக் கண்டுபிடிக்குமாறு ஆசிரியர்கள் மாணவரைப் பணிக்கலாம். காகிதமும் எழுதுகோலும் போதும். இயந்திரம் பிழையைக் காணும் வழி அவர்களுக்கு விளங்கிவிடும்.