உங்களுக்குத் தெரியுமா? உறையும் எண்ணெய், காற்றில் கரையும் கற்பூரம்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டிதட்டிப் போயிருக்கும். கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகிவிடும். அது உருகும் வெப்பநிலை ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸ் என்பதே காரணம். நல்லெண்ணெய் உறைய பூஜ்ஜியத்துக்கும் கீழான குளிர் வேண்டும். அதனால் பக்கத்திலேயே இருந்தாலும் அது அசைந்துகொடுப்பதில்லை.

கற்பூரத்தின் கதை வேறு. திறந்து வைத்தால் உருகாமலே நேராக ஆவியாகி, நாளுக்கு நாள் சிறுத்துப்போகும். துணி அலமாரியில் போடும் அந்துருண்டையும் அப்படித்தான். இதற்குப் பதங்கமாதல் என்று பெயர்.

காலியம் ஓர் உலோகம். ஆனால் 29.8 டிகிரியிலேயே உருகும். உள்ளங்கைச் சூடு போதும்!

நிலை மாறுவதில் அழுத்தத்துக்கும் பங்கு உண்டு. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாகும். பிரஷர் குக்கருக்குள்ளோ அழுத்தம் கூடி, கொதிநிலை 120 டிகிரி வரை ஏறும்.

ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் போதும். ஒரு கிராம் கொதிநீர் ஆவியாக சுமார் 2,260 ஜூல் வேண்டும். இட்லிப் பானையின் ஆவி கையில் பட்டு நீராகும்போது இந்த வெப்பத்தைத் தோலில் இறக்கிவிடும். கொதிநீரைவிட ஆவி கடுமையாகச் சுடுவது அதனால்தான்.

ஹீலியத்தை 1908இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் முதன்முதலாகத் திரவமாக்கினார். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் அது திடப்பொருளாவதில்லை. அதற்குச் சுமார் 25 மடங்கு அழுத்தம் தேவை.