டியூபுக்குப் பயந்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்!

"வைத்தியரய்யா, அந்த டியூபை மட்டும் விடச் சொல்லாதீங்க. எந்தக் கசாயம் கொடுத்தாலும் குடிச்சிடறேன்!"

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் என்னிடம் வரும் வயிற்று நோயாளிகள் பலர் சொல்வது இதுதான். சித்த வைத்தியனான நான் எண்டோஸ்கோப்பிக்குப் பரிந்து பேசுகிறேனே என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். என் தவறு ஒன்று கற்றுக்கொடுத்த பாடம் இது.

திண்டிவனத்து மல்லாட்டை வியாபாரி ஒருவர். வயது 58. பசித்தாலும் எரிச்சல், சாப்பிட்டாலும் எரிச்சல். எங்கள் நூல்கள் எட்டு வகையாகச் சொல்லும் குன்மத்தில் ஒன்று என்று முடிவு செய்து, ஏலாதி சூரணம் கொடுத்தேன். முகம் வெளுத்திருந்ததால் அயச்செந்தூரமும் சேர்த்தேன். மூன்றாவது வாரம், "மலம் கறுப்பா போவுதுங்க" என்றார். "இரும்பு மருந்து, அப்படித்தான் போகும்" என்று அனுப்பிவிட்டேன். நாலே நாளில் கடையில் மயங்கி விழுந்துவிட்டார்.

மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால், முன்சிறுகுடலில் புண், அதிலிருந்து ரத்தக்கசிவு. அதே குழாய் வழியாக ஊசி போட்டு, கிளிப் மாட்டி ரத்தத்தை நிறுத்தினார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை. மனிதர் பிழைத்தார். முழங்கால் வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கிய விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. நான் கேட்டிருக்க வேண்டும். முகம் ஏன் வெளுத்தது என்றும் யோசித்திருக்க வேண்டும்.

வலிக்குமா?

ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. தொண்டையில் மரத்துப்போகும் மருந்து தெளிப்பார்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் ஐந்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். குமட்டும், ஆனால் மூச்சு அடைக்காது. தொண்டை மரப்பு போகும்வரை எதுவும் சாப்பிடக் கூடாது.

தேவைப்பட்டால் சிறிது சதை எடுத்து, ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-ல் கண்டறிந்தது இது. மார்ஷல் 1984-ல் இந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். இரைப்பை அழற்சி வந்தது! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. காரத்தைக் குறைத்தால் மட்டும் இந்தக் கிருமி போகாது. அதற்கான மருந்துகளை முழுமையாகச் சாப்பிட வேண்டும்.

பெருங்குடலைப் பார்ப்பது கொலனோஸ்கோப்பி. முதல் நாளே பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். பாலிப் என்னும் சதை வளர்ச்சி இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம். பிற்காலத்தில் அது புற்றுநோயாவதைத் தடுக்கலாம். பித்தநாளத்தில் சிக்கிய கல்லை எடுக்க ஈ.ஆர்.சி.பி. உண்டு. பித்தப்பையிலேயே இருக்கும் கல்லுக்கு அது உதவாது.

தாமதிக்கக் கூடாதவை

* தார் போல ஒட்டும், கறுத்த, நாற்றமுள்ள மலம்
* ரத்த வாந்தி
* விழுங்கும்போது அடைப்பு
* காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை
* நடு வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் அஜீரணம், மலப்போக்கில் மாற்றம்

ரத்த வாந்தியோ தார் மலமோ கண்டால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில், திண்டிவனம் போகும் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. 2010-ல் தொடங்கிய கல்லூரி அது. மற்ற தொந்தரவுகளுக்குப் புறநோயாளிப் பிரிவில் காட்டி, பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

டாக்டரிடம் ஒன்றை மறைக்காதீர்கள். வலி மாத்திரை, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து, நான் கொடுத்த செந்தூரம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கொலனோஸ்கோப்பிக்குச் சில நாள் முன்பே இரும்பு மருந்தை நிறுத்தச் சொல்வார்கள்.

இஞ்சியும் சீரகமும் மோரும் நல்லவைதான். சாதாரண மந்தத்துக்கு நானும் அவற்றைத்தான் சொல்கிறேன். ஆனால் கறுத்த மலம் என்று யாராவது சொன்னால், இப்போது என் கை சூரண டப்பாவுக்குப் போவதில்லை. பரிந்துரைச் சீட்டு எழுதப் பேனாவைத்தான் எடுக்கிறது.