பழைய கம்ப்யூட்டருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் தேடுவது எப்படி?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் யூனிட் நடத்தும் என் மாமா ஒருநாள் போன் செய்தார். "மாப்ள, பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகல. கிளேஸ் கணக்கெல்லாம் அதுலதான் இருக்கு" என்றார். 2001-ல் வாங்கிய பென்டியம் 3 அது. பீங்கான் மீது பூசும் கிளேஸ் கலவையின் அளவுகள், சூளை வெப்பக் குறிப்புகள் எல்லாம் அதன் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. வேறு காப்பி கிடையாது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கம்ப்யூட்டர் இருந்தால், கீழ்க்கண்ட வரிசையில் செயல்படுங்கள்.

முதலில் டேட்டா

சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். கெட்டுப்போன எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் தரும் பெட்டி) தவறான வோல்டேஜ் அனுப்பினால் ஹார்ட் டிஸ்க்கும் போய்விடும். பவர் கேபிளை உருவிவிட்டு ஹார்ட் டிஸ்க்கைத் தனியே கழற்றுங்கள். பழைய டிஸ்க்குகளில் 40 பின் கொண்ட ஐ.டி.இ. இணைப்பு இருக்கும். அதற்கான யு.எஸ்.பி. அடாப்டர் வாங்கி, இப்போதைய கம்ப்யூட்டரில் இணைத்து ஃபைல்களைக் காப்பி செய்திடுங்கள். தனி பவர் சப்ளையுடன் வரும் அடாப்டரையே வாங்க வேண்டும். யு.எஸ்.பி. தரும் மின்சாரம் 3.5 அங்குல டிஸ்க்குக்குப் போதாது.

எது கெட்டது?

மாமாவின் கேபினெட்டுக்குள் களிமண் தூசி அப்பியிருந்தது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பிரஷ்ஷால் மெதுவாகத் துடைத்தேன்.

அடுத்து பேட்டரி. தேதி, நேரம் அடிக்கடி மாறினால் மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்திருக்கலாம். இந்த 3 வோல்ட் பேட்டரி இன்றும் வாட்ச் கடையில் கிடைக்கிறது.

பிறகு கெபாசிட்டர்களைப் பாருங்கள். சிறு டப்பா வடிவில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தாலோ, கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த பல மதர்போர்டுகளில் இந்தக் கோளாறு உண்டு. செராமிக் கெபாசிட்டரில் கசியத் திரவமே இல்லை என்பதால் இந்தத் தொல்லை கிடையாது. புதியது வாங்கும்போது மைக்ரோஃபாரட் அளவு அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் அதே அளவோ, சற்றுக் கூடுதலாகவோ இருக்கலாம். பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் டிவி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும்.

வாங்கும் முன்

பென்டியம் 3 கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் 168 பின் கொண்ட எஸ்.டி.ரேம் இருக்கும். அதில் இரண்டு வெட்டுகள் காணப்படும். ஒரே வெட்டு இருந்தால் அது டி.டி.ஆர்.; பொருந்தாது. புதிய எஸ்.எம்.பி.எஸ்.-ல் 20+4 எனப் பிரியும் கனெக்டர் இருக்கிறதா, 5 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் தருகிறது என்று பாருங்கள். இப்போதைய பெட்டிகள் 12 வோல்ட்டில்தான் அதிக ஆம்பியர் தரும். பழைய போர்டுகள் பல 5 வோல்ட்டையே நம்பியிருக்கும். அக்கால பிராண்டட் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் ஒயர் வரிசையே வேறு. ஆகவே பழைய லேபிளைப் படித்து ஒப்பிடுங்கள்.

எங்கே கிடைக்கும்?

முதலில் உள்ளூர் சர்வீஸ் கடைகளில் ஒதுக்கிப் போட்ட போர்டுகளைக் கேளுங்கள். அங்கே இல்லாவிட்டால் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. விருத்தாசலத்தில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். பழைய பார்ட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெயர் சொல்லிக் கேட்பதைவிடக் காட்டிக் கேட்பது சுலபம். பயன்படுத்திய பார்ட்ஸுக்குப் பெரும்பாலும் வாரண்டி இருக்காது. கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மாமாவின் கம்ப்யூட்டருக்கு ஒரு எஸ்.எம்.பி.எஸ்., நான்கு கெபாசிட்டர், ஒரு பேட்டரி மாற்றினேன். இப்போது ஓடுகிறது. ஆனால் அதற்கு முன்பே கிளேஸ் கணக்கு முழுவதையும் இரண்டு பென் டிரைவில் ஏற்றி, பிரிண்டும் எடுத்துவிட்டோம். பார்ட்ஸைத் தேடிப் பிடித்துவிடலாம். போன டேட்டாவை எந்தத் தெருவிலும் வாங்க முடியாது.