உலகம் சுற்றிய தமிழர்

சிவகாசி நகரை அடுத்து விஸ்வநத்தம் என்னும் ஊர் உள்ளது. மழை குறைந்த கரிசற்பகுதி அது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய தொழில்களே அவ்வட்டாரத்தில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. இத்தொழில்கள் அம்மண்ணில் தாமாக முளைத்தவை அல்ல. 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்றனர். அங்குப் பல திங்கள் தங்கித் தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றனர். ஊர் திரும்பி 1923-இல் தொழிலைத் தொடங்கினர். இருவர் மேற்கொண்ட பயணம் ஒரு வட்டாரத்தின் வாழ்வையே மாற்றிவிட்டது.

ஊர் சுற்றுவோர் பலர். ஊருக்குப் பயன் கொண்டு மீள்வோர் சிலர். சிவகாசிப் பெரியவர்கள் ஒரு தொழிலைக் கொண்டு வந்தனர். வேறொரு தமிழரோ, கடல் பல கடந்து, ஒரு பெருந்தலைவரின் வாழ்க்கைக் காட்சிகளைத் தேடிக் கொண்டு வந்தார். அவரே ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று புகழ்பெற்ற ஏ. கே. செட்டியார் ஆவார்.

செட்டியார் 1911-ஆம் ஆண்டில் காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் பிறந்தார். கருப்பன் என்பது அவரது இயற்பெயர். நகரத்தார் வணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்து செல்வது வழக்கம். ஆனால், செட்டியாரின் உள்ளம் வணிகத்தில் தோயவில்லை. எழுத்திலும் நிழற்படக் கலையிலும் தோய்ந்தது. பர்மாவில் ‘தனவணிகன்’ என்னும் இதழுக்கு அவர் ஆசிரியராக இருந்தார். பின்னர் ஜப்பான் நாட்டுத் தலைநகராகிய டோக்கியோவிலும், அமெரிக்காவின் நியூயார்க் நகரிலும் நிழற்படக் கலையை முறையாகப் பயின்றார்.

1937-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில் அவர் பயணம் செய்துகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். சுற்றிலும் நீலக்கடல், பேசுதற்குத் தமிழர் ஒருவரும் இலர். அத்தனிமையில் அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் உதித்தது. ‘காந்தியடிகளின் வாழ்க்கையை ஒரு செய்திப்படமாக ஆக்கினால் என்ன?’ என்பதே அவ்வெண்ணம். அப்பொழுது அவருக்கு இருபத்தாறு வயதுகூட நிறையவில்லை. கையில் பெரும்பொருள் இல்லை. காந்தியடிகளோ திரைப்படத்தில் நாட்டம் இல்லாதவர். ஆயினும், அவ்வெண்ணத்தை அவர் கைவிடவில்லை.

இம்முயற்சி எத்துணை அரியது என்பதை உணர, அக்காலத்து நிலையை அறிதல் வேண்டும். காந்தியடிகள் 1893 முதல் 1914 வரை, இடையிடையே தாயகம் வந்து சென்ற காலம் நீங்கலாக, தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தார். 1930-இல் தண்டிக்கு நடைப்பயணம் சென்றார். 1931-இல் இலண்டனில் நடைபெற்ற வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டார். இத்தகைய நிகழ்ச்சிகளை அவ்வப்போது பல நாட்டுப் படப்பிடிப்பாளர்கள் படமாக எடுத்தனர். திரையரங்குகளில் செய்திப்படமாகக் காட்டப்பட்ட பிறகு, அச்சுருள்கள் நிறுவனங்களின் கிடங்குகளில் முடங்கிக் கிடந்தன. எச்சுருள் எங்குள்ளது என்பதை ஒருசேரக் காட்டும் பட்டியல் எதுவும் இல்லை. இக்காலத்தில் ஒரு காட்சி நொடிப்பொழுதில் உலகின் மறுமுனையை அடைகிறது. அக்காலத்திலோ ஒரு கடிதம் கப்பலில் சென்று சேரவே வாரக்கணக்கில் ஆகும். ஆதலால், ஒருவர் நேரில் சென்று கிடங்குகளைத் திறக்கச் செய்து, சுருள்களை ஓட்டிப் பார்த்து, வேண்டியவற்றைத் தெரிந்து, விலை கொடுத்துப் படியெடுத்து வருவதைத் தவிர வேறு வழியில்லை.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. அந்நாளில் திரைப்படச் சுருள்கள் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோசு என்னும் பொருளால் செய்யப்பட்டன. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தி ஆக்கும் வெடிபஞ்சும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அச்சுருளிலேயே அடங்கியிருப்பதால், ஒருமுறை தீப்பற்றினால் அதனை அணைத்தல் அரிது. நீரில் அமிழ்த்தினாலும் அது எரியும். நெருப்பு படாவிடினும் நாளடைவில் சிதைந்து தூளாகிவிடும். தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் நடுவே வாழும் சிவகாசி வட்டாரத்து மக்கள் இவ்வச்சத்தை எளிதில் உணர்வர். ஆகவே, காலம் தாழ்த்தினால் காந்தியடிகளின் நடமாடும் உருவம் தீக்கோ சிதைவுக்கோ இரையாகிவிடும்.

செட்டியார் காலம் தாழ்த்தவில்லை. நண்பர் சிலரின் துணையுடன் ஒரு நிறுவனத்தை அமைத்துப் பொருள் திரட்டினார். பின்னர்ப் பெரும்பாலும் தனியராகவே புறப்பட்டார். கப்பலிலும் வானூர்தியிலும் புகைவண்டியிலுமாக அவர் கடந்த தொலைவு ஏறக்குறைய ஒரு இலட்சம் மைல். நிலவுலகின் சுற்றளவு ஏறத்தாழ 25,000 மைல். ஆகவே, அவர் பயணம் உலகை நான்கு முறை வலம் வந்ததற்கு ஒப்பாகும். ஐரோப்பிய நாடுகளின் படநிறுவனங்களை அணுகினார்; காந்தியடிகள் அறப்போர் தொடங்கிய தென்னாப்பிரிக்க மண்ணிலும் கால் பதித்தார். மொழி அறியாத நாட்டில், முன்பின் அறியாதாரின் வாயிலில், ‘உங்கள் கிடங்கில் எங்கள் தலைவரின் படம் உளதோ?’ என்று வினவி நிற்பதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். அப்பொறுமை அவரிடம் இருந்தது.

முப்பது ஆண்டுக் கால அளவில் ஏறக்குறைய நூறு படப்பிடிப்பாளர்கள் எடுத்த காட்சிகளிலிருந்து 50,000 அடி நீளமுள்ள படத்தை அவர் திரட்டினார். பேசும்படம் ஒரு நிமிடத்தில் 90 அடி ஓடும். அக்கணக்கின்படி, அவர் திரட்டியவை அனைத்தையும் இடைவிடாது காண்பதற்கு ஒன்பது மணிக்கு மேல் ஆகும். அவற்றுள் சிறந்தவற்றைத் தெரிந்து 12,000 அடி நீளமுள்ள படமாகத் தொகுத்தார். காண்பதற்கு இரண்டேகால் மணி நேரம். தேடுவதற்கோ ஏறக்குறைய மூன்றாண்டுகள்!

1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. கடல்வழிகள் இடர்மிக்கவை ஆயின. நகரங்கள் பல குண்டுகளுக்கு இரையாயின. செட்டியார் தம் பயணத்தை இரண்டாண்டுகள் தள்ளிப் போட்டிருப்பின், அது நிறைவேறியிராது. உரிய காலத்தில் புறப்பட்டமையால், 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவரது படம் தமிழ் விளக்கவுரையுடன் சென்னையில் திரையிடப்பட்டது. பின்னர்த் தெலுங்கு, இந்தி ஆகிய மொழிகளிலும் அது வெளிவந்தது. 1953-இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் பெற்றது.

இத்துணை அரிய செயலைச் செய்தவர் தம்மைப் பற்றிப் பேசுவதை விரும்பியதில்லை. தம் நிழற்படம் வெளியாவதையும் அவர் நாடவில்லை. உலகையே படம் பிடிக்கக் கற்றவர், தாம் படத்தில் இடம்பெறாது ஒதுங்கி நின்றார். 1943-இல் ‘குமரி மலர்’ என்னும் இதழைத் தொடங்கி, பழைய இதழ்களிலும் நூல்களிலும் மறைந்து கிடந்த அரிய செய்திகளைத் தேடி வெளியிட்டார். முன்னோர் எழுதிய பயணக் கட்டுரைகளையும் திரட்டி நூலாக்கினார். தேடுதலே அவர் தொழில். திரட்டிக் காத்தலே அவர் தொண்டு. 1983-ஆம் ஆண்டில் மறையும்வரை அப்பணியினின்றும் அவர் ஓய்வு பெறவில்லை. காந்திப்படம் உருவான வரலாற்றை அவர் எழுதிய கட்டுரைகள், அவர் மறைவுக்குப் பின் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாக வெளிவந்தன.

வருந்தத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. உலகெங்கும் அலைந்து அவர் ஆக்கிய படத்தின் தமிழ் வடிவம் முழுமையாகப் போற்றிக் காக்கப்படவில்லை. அமெரிக்காவில் உருவான ஆங்கில வடிவமே பிற்காலத்தில் அந்நாட்டுப் பல்கலைக்கழகக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. காந்தியடிகளின் காட்சிகளைத் தேடி ஒரு தமிழர் அன்று அயல்நாட்டுக் கிடங்குகளை நாடினார். அத்தமிழரின் படத்தைத் தேடிப் பின்வந்தோர் மீண்டும் அயல்நாட்டுக் காப்பகத்தையே நாட வேண்டியதாயிற்று.

நெடுந்தொலைவு சென்று ஒன்றைத் தேடிக் கொணர்தல் ஒருவரால் இயலும். கொணர்ந்ததைக் காத்தலோ ஒருவரால் மட்டும் இயல்வதன்று. அஃது ஊரார் அனைவரின் கடன். கல்கத்தாவிலிருந்து வந்த தொழிலைச் சிவகாசி வட்டாரத்து மக்கள் பலர் கூடிப் பேணியமையால், அது நூறாண்டு கடந்தும் நிலைத்து நிற்கிறது. செட்டியார் கொணர்ந்த செல்வத்துக்கு அத்தகைய காவல் வாய்க்கவில்லை. வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய கடிதத்தையும், பள்ளி நூலகத்திலுள்ள பழைய இதழையும் பேணிக் காக்கும் மாணவர், அவர் விட்டுச்சென்ற பயணத்தைத் தொடர்ந்து செல்பவர் ஆவர்.