கதை தெரிந்த கூட்டம்

இறந்தவரின் பெயர், தகப்பன் பெயர், எந்தத் தெரு, என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், யாரோடு பேச்சில்லை, எதற்குச் சிரிப்பார். ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ சாவு வீட்டுக்கு வரும் கானா பாடகர் முதலில் விசாரிப்பது இவற்றைத்தான். தெருவை அடைத்துப் போட்ட ஷாமியானா, கண்ணாடிப் பெட்டிக்குள் உடல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரமாக டீ கேன். மச்சானிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ நாலு வார்த்தை கேட்டுக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்துவிடுவார். விடிய விடியப் பாட வேண்டும்.

மெட்டுக்குக் கவலையில்லை, தெரிந்த சினிமாப் பாட்டு ஏதாவது கைகொடுக்கும். தாளத்துக்கு ஒரு காலத்தில் தகரம், மேசை, தீப்பெட்டி. இப்போது டோலக், தபேலா, கீபோர்டு. கஷ்டமெல்லாம் எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தால்தான். இறந்தவரைப் பாடகரைவிட அத்தனை பேருக்கும் நன்றாகத் தெரியும். ஹார்பரில் மூட்டை தூக்கினார் என்று பாடினால், பின்வரிசையிலிருந்து “ஹார்பர் இல்லண்ணா, காசிமேடு” என்று ஒரு குரல் வரும். அடுத்த அடியிலேயே ஆளைக் காசிமேட்டுக்குக் கூட்டிப்போய், அதற்கு எதுகையும் பிடித்தாக வேண்டும். பிடித்துவிட்டால் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் சிரிப்பார்கள். பிடிக்காவிட்டால் பாட்டு படுத்துவிடும்.

அடுத்து என்ன ஆகுமோ என்ற ஆவலில் கூட்டத்தைக் கட்டிப்போடும் கதைசொல்லிகள் உண்டு. முடிவு வரை தெரிந்தவர்களிடமே அந்தக் கதையைச் சொல்லி நிற்பவர்களும் உண்டு. இரண்டாவது வேலைதான் கடினம். வடசென்னை நெடுங்காலமாக அந்த வேலையில் ஆட்களைப் பழக்கி வந்திருக்கிறது.

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில் மாசிப் பெருவிழாவின்போது மகிழடி சேவை நடக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் கதை பெரியபுராணத்தில் வருவது. திருவாரூரில் பரவையாரை ஏற்கெனவே மணந்திருந்த சுந்தரர், இங்கே சங்கிலியாரையும் மணக்க விரும்புகிறார். “உன்னைப் பிரியேன்” என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும். சாமி முன்னால் சொன்ன சத்தியத்தை மீற முடியாதே என்று அவர் ஒரு யோசனை செய்கிறார். அந்த நேரம் மட்டும் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய் இருக்கும்படி இறைவனிடமே கேட்டுக்கொள்கிறார். இறைவனும் சரி என்கிறார். பிறகு சங்கிலியாரின் கனவில் போய், சத்தியத்தை மகிழடியிலேயே வாங்கிக்கொள் என்றும் சொல்லிவிடுகிறார்.

இரு பக்கமும் வக்காலத்து வாங்கிய இந்தச் சாமியின் கதை கேட்டுச் சலிக்காதது. சுந்தரர் மாட்டிக்கொள்ளப் போகிறார் என்பது கேட்கிற அத்தனை பேருக்கும் தெரியும். காலையில் சந்நிதிக்கு வந்த சங்கிலியாரின் தோழிகள் “இங்கே வேண்டாம், மரத்தடிக்கு வாருங்கள்” என்று சொல்லும் இடத்தில் அவர் முகம் எப்படிப் போயிருக்கும்? பிரசங்கியின் திறமை அங்கேதான் தெரியும். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவர் கண்பார்வை போவது பிறகு வருகிறது. நல்ல பிரசங்கி அந்தச் சோகத்துக்கு அவசரப்பட மாட்டார்.

இதே பெரியபுராணத்தைச் சொல்லித்தான் வள்ளலாரும் தொடங்கினார். 1823-ல் ராமலிங்கமாகப் பிறந்த அவர் சென்னையில் வளர்ந்தது அண்ணன் சபாபதி வீட்டில், ஏழுகிணறு வீராசாமி பிள்ளைத் தெருவில். அண்ணனுக்குப் புராணப் பிரசங்கம்தான் பிழைப்பு. முத்தியாலுப்பேட்டை சோமு செட்டியார் வீட்டுப் பிரசங்கத்துக்கு அவர் உடம்பு முடியாமல் போக முடியாதபோது, சின்னப் பையனான தம்பியை அனுப்பினார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். சம்பந்தர் கதையைப் பையன் சொன்ன விதத்தில் கூட்டம் கலையவே இல்லையாம். வியாபாரிகள் நிறைந்த பேட்டை அது; சம்பந்தர் கதை தெரியாமல் அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்? பிற்பாடு திருவொற்றியூருக்கு ஓயாமல் நடந்து, அந்தக் கோயிலின் வடிவுடையம்மன் மேல் ‘வடிவுடை மாணிக்க மாலை’ பாடியவர் அவர்.

கதை கேட்க வந்த கூட்டம் தன் கதையைச் சொல்லத் தொடங்கியதும் இந்தப் பக்கத்தில்தான். பெரம்பூர் வட்டாரத்தில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்ற பக்திச் சபையை நடத்தி வந்தார்கள். பிரசங்கம் கேட்க வந்தவர்களில் பக்கிங்காம் – கர்நாடிக் மில் தொழிலாளர்கள் ஏராளம். பிரசங்கம் முடிந்த பிறகு அவர்கள் பேசியது மில்லைப் பற்றி: மேஸ்திரிகளின் கெடுபிடி, சாப்பாட்டுக்குப் போதாத இடைவேளை. அந்தச் சபையைச் சுற்றிய ஆட்களிலிருந்தே 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவர், கூட்டங்களில் தொழிலாளர்களுக்குத் தமிழில் பேசியவர் திரு.வி.க. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். ஒரு பஜனைச் சபையின் ஜமக்காளத்தில் அது முளைத்தது என்பதைப் பாடப்புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

கூட்டத்துக்குத் தெரியாத இடம் என்று ஒன்று இருந்தால், கதை அங்கே இஷ்டத்துக்கு வளரும். 1914 செப்டம்பர் 22 இரவு, ‘எம்டன்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்ததைக் கரையே பார்த்தது. அந்தப் பகுதியில் யாரும் புளுக முடியாது. ஆனால் கப்பலுக்குள் நடந்ததை யார் பார்த்தார்கள்? விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அதில் வந்து, எங்கே சுட வேண்டும் என்று கைகாட்டினார் என்ற கதை அந்த இடைவெளியில்தான் நுழைந்தது. அவர் கப்பலில் இருந்ததற்கு ஆவணச் சான்று இல்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். சொல்கிறவர்கள் நிறுத்தியபாடில்லை.

கானாவின் முன்னோர் யார் என்பதிலும் பல கதைகள். ராயபுரத்தில் அடங்கியிருக்கும் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கொலை, விபத்து, வெள்ளம் என்று எது நடந்தாலும் சுடச்சுடச் சிந்து கட்டி, மலிவு அச்சில் போட்டு, தெருவில் பாடி விற்ற குஜிலிக் கடைக்காரர்களையும் மறந்துவிட முடியாது. ஆ.இரா.வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ அவர்களைப் பற்றியது. இவை எல்லாவற்றையும்விடப் பக்கத்துச் சொந்தம் ஒப்பாரி. இறந்தவரின் வாழ்க்கையை அவரையே பார்த்துச் சொல்லி அழும் பெண்கள், மைக் வருவதற்கு வெகு முன்பே அந்த வீட்டின் கதைசொல்லிகள். கானாக்காரர் நாலு வார்த்தை விசாரிப்பது போக, மீதிச் சரக்கு கூடத்தில் நடக்கும் ஒப்பாரியிலிருந்தே கிடைக்கும்.

சினிமா கானாவை எடுத்துக்கொண்டபோது மெட்டையும் கொச்சையையும் எடுத்துக்கொண்டு, கதையைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போனது. இசையமைப்பாளர் தேவாவின் பாடல்களாகட்டும், 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் வந்து போன பாட்டாகட்டும், ஆட்டத்துக்கு அருமையானவை. யாருடைய வாழ்க்கையும் அவற்றில் இல்லை. மரண கானா விஜி போல, சாவு வீட்டையே பெயரில் வைத்திருக்கும் பாடகர்களைக் கேட்டால் வித்தியாசம் உடனே புரியும்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடையேறியபோது வேறொரு மாற்றம் நடந்தது. திரைப்பட இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த அந்தக் குழுவில் ராயபுரத்து இசைவாணியும் இருந்தார். ஆண்களே ஆண்டுவந்த கானாவில் பாடும் பெண்ணாக, 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலிலும் வந்தார். அந்த மேடைக்கு எதிரே இருந்த கூட்டத்தில் பாதிப் பேருக்குக் காசிமேடு எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் இருந்திருக்கலாம். “இல்லண்ணா” என்று திருத்த ஆளில்லாத கூட்டம் அது. பாடகருக்கு அது வசதியா, நஷ்டமா? நஷ்டம் என்றே தோன்றுகிறது. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, சாதி என்று அங்கே பாட்டுகள் வாதங்களாக நிமிர்ந்தன. வாதத்துக்கு அந்த மேடை தேவைதான். ஆனால் பின்வரிசைக் குரலுக்குப் பயந்து உண்டான நுணுக்கம் வாதத்தில் அவ்வளவு சுலபமாக வராது.

எண்ணூர் மீனவர்களுக்கு வந்திருக்கும் நிலைமை இன்னும் சிக்கலானது. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் எந்த இடத்தில் இறால், எந்த இடத்தில் நண்டு, யாருடைய பாடு, அதாவது மீன்பிடி முறை, என்றைக்கு, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் வலை என்பதெல்லாம் அப்பன் பிள்ளைக்குச் சொல்லி வந்தவை. ஊருக்குள் ஒருவர் ஆரம்பித்தால் இன்னொருவர் முடித்துவைப்பார். அனல்மின் நிலையங்களின் சாம்பல் வந்தது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் வந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து ஆற்றிலேயே எண்ணெய் வந்தது. அதற்குப் பிறகு இதே விஷயங்களை அதிகாரிகளிடமும் பசுமைத் தீர்ப்பாயத்திலும் கேமராக்களின் முன்னாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே யாருக்கும் கதையின் முதல் வரிகூடத் தெரியாது. எது ஆறு, எது ஓடை, எது முகத்துவாரம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தேதி கேட்பார்கள், ஆழம் கேட்பார்கள், வரைபடம் கேட்பார்கள். கழிமுகத்தைக் காட்டும் 1996-ஆம் ஆண்டு வரைபடம் ஒன்றும், அதைக் காட்டாத பிந்தைய வரைபடம் ஒன்றும் அரசிடமே இருப்பது தெரிந்த பிறகு, மீனவர்கள் பேசப் போகும்போது முதல் வரைபடத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.