வெளிவராத விளையாட்டின் காட்சிகளும் பகிர்வோர் அறிய வேண்டிய சட்டமும்

வெளிவராத திரைப்படமொன்றின் பிரதியைத் திருடி விற்பது குற்றமென்பதை எவருக்கும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. ஆனால், வெளிவராத வீடியோ விளையாட்டொன்றின் சில விநாடிக் காட்சியை நண்பர்களுக்கு அனுப்புவதும் சட்டத்தின் பிடிக்குள் வரக்கூடியதே என்பதை எமது இளைஞர்களில் பலர் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. 'நான் திருடவில்லை, கைக்கு வந்ததைப் பகிர்ந்தேன்' என்ற நியாயம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை இன்று நாம் நோக்க வேண்டியுள்ளது.

2019 ஆம் ஆண்டு நவம்பரில் போகிமொன் விளையாட்டின் புதிய பதிப்புகள் வெளிவரவிருந்தன. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், அவ்விளையாட்டுக்கான வழிகாட்டி நூலின் பக்கங்கள் கையடக்கத் தொலைபேசியில் படமெடுக்கப்பட்டு இணையத்தில் பரவின. போகிமொன் நிறுவனம் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. 2021 இல் அவ்வழக்கு இணக்கத்துடன் முடிவுற்றபோது, சம்பந்தப்பட்ட இருவரும் தலா 1,50,000 டொலர் செலுத்த ஒப்புக்கொண்டனர். சில புகைப்படங்களுக்காக அவர்கள் கொடுத்த விலை அது.

இத்தகைய வழக்குகள் எதன் அடிப்படையில் தொடுக்கப்படுகின்றன? பிரதானமாக மூன்று அடிப்படைகள் உள்ளன. முதலாவது, ஒப்பந்தம். வெளியீட்டுக்கு முன்னர் ஒரு விளையாட்டைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு அழைக்கப்படுவோர், இரகசியம் பேணும் உடன்படிக்கையொன்றுக்குச் சம்மதம் தெரிவித்த பின்னரே அனுமதிக்கப்படுகின்றனர். திரையில் தோன்றும் நீண்ட வாசகத்தைப் படிக்காமலேயே 'சம்மதம்' என்பதை அழுத்துவோர் பலர். எனினும், படிக்கவில்லை என்பது பொதுவாக ஒப்பந்தத்திலிருந்து விடுபடுவதற்கான காரணமாக ஏற்கப்படுவதில்லை. இரண்டாவது, வர்த்தக இரகசியம். வெளிவராத விளையாட்டின் கதையும் வரைபடங்களும், போட்டியாளர் அறியாதிருக்கும்வரை பெறுமதியுள்ள இரகசியங்களாகும். மூன்றாவது, பதிப்புரிமை. விளையாட்டின் காட்சியும் இசையும் அதனை ஆக்கியோருக்கே உரியவை. அது இன்னும் விற்பனைக்கு வரவில்லை என்பதால் அவ்வுரிமை இல்லாமற் போய்விடுவதில்லை.

போர்ட்நைட் விளையாட்டைத் தயாரிக்கும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2019 ஒக்டோபரில் தனது பரீட்சார்த்தப் பயனாளர் ஒருவருக்கு எதிராக அமெரிக்காவின் வட கரோலினாவில் வழக்குத் தாக்கல் செய்தது. விளையாட்டின் அடுத்த கட்டம் பற்றிய விபரங்களை முன்கூட்டியே வெளியிட்டார் என்பதே குற்றச்சாட்டு. உடன்படிக்கை மீறல், வர்த்தக இரகசியத்தை முறைகேடாகப் பயன்படுத்தியமை ஆகிய இரண்டும் அவ்வழக்கில் ஒருங்கே முன்வைக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது.

புனைபெயருக்குள் மறைந்திருந்தால் தப்பிவிடலாமென எண்ணுவதும் தவறாகும். செல்டா விளையாட்டொன்றின் ஓவிய நூற் பக்கங்கள் 2023 இல் டிஸ்கோர்ட் தளத்தில் வெளியானபோது, பகிர்ந்தவரின் அடையாள விபரங்களைத் தருமாறு அத்தளத்துக்குக் கட்டளையிடக் கோரி நின்டென்டோ நிறுவனம் கலிபோர்னியாவிலுள்ள நீதிமன்றத்தை நாடியது.

இதுவரை கூறியவை சிவில் வழக்குகள். கணினிக்குள் அத்துமீறி நுழைந்து காட்சிகளை எடுத்தால் விடயம் குற்றவியல் சட்டத்தின் கீழ் வருகின்றது. 2022 செப்டெம்பரில் 'கிராண்ட் தெப்ட் ஓட்டோ' தொடரின் ஆறாவது விளையாட்டின் சுமார் 90 காட்சித் துண்டுகள் வெளியாகின. அவை ரொக்ஸ்டார் நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்து திருடப்பட்டவை. அதன் தாய் நிறுவனம் யூரியூப் உள்ளிட்ட தளங்களில் அவற்றை மறுபடி பதிவேற்றியோரின் பதிவுகளையும் பதிப்புரிமை அடிப்படையில் அகற்றச் செய்தது. ஊடுருவலில் ஈடுபட்ட 18 வயது இளைஞருக்கு இலண்டன் நீதிமன்றமொன்று 2023 டிசெம்பரில் காலவரையறையற்ற மருத்துவமனைத் தடுப்புக் கட்டளையைப் பிறப்பித்தது. இந்த ஊடுருவலினால் 50 இலட்சம் டொலர் செலவு ஏற்பட்டதாக நிறுவனம் நீதிமன்றத்திற்குத் தெரிவித்திருந்தது.

இவையெல்லாம் கடல் கடந்த நாடுகளின் கதைகள் என நாம் ஒதுக்கிவிட முடியாது. எமது நாட்டின் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், திருடியவரோடு நின்றுவிடவில்லை. கணினியொன்றிலிருந்து அதிகாரமின்றிப் பெறப்பட்டதென அறிந்தும், அல்லது அவ்வாறு நம்புவதற்குக் காரணமிருந்தும், அத்தகவலைப் பெறுவதையும் வைத்திருப்பதையும் பதிவிறக்குவதையும் பதிவேற்றுவதையும் அதன் 7 ஆம் பிரிவு குற்றமாக்குகின்றது. பாதிக்கப்பட்ட கணினி இலங்கைக்கு வெளியே இருந்தாலும் அச்சட்டம் ஏற்புடையதாகும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் பதிப்புரிமையோடு வெளிப்படுத்தப்படாத தகவல்களுக்கும் பாதுகாப்பளிக்கின்றது.

'ஏற்கனவே ஊரெல்லாம் பரவிவிட்டதே' என்பது அடிக்கடி கேட்கும் மற்றொரு சமாதானம். பலர் செய்ததனால் ஒரு செயல் சட்டபூர்வமானதாகி விடுவதில்லை. நிறுவனத்துக்கு இது இலவச விளம்பரம்தானே என்போரும் உண்டு. ஆனால், 2023 டிசெம்பரில் இன்சொம்னியாக் கேம்ஸ் நிறுவனத்திலிருந்து திருடப்பட்டு வெளியிடப்பட்ட 13 இலட்சத்திற்கும் அதிகமான கோப்புகளுள், வுல்வரின் விளையாட்டின் காட்சிகள் மாத்திரமன்றி ஊழியர்களின் தனிப்பட்ட ஆவணங்களும் இருந்தன. ஆர்வத்தினால் அத்தொகுப்பைப் பரப்பியவர்கள், தமக்கு யாதொரு தீங்கும் செய்யாத சாதாரண தொழிலாளரின் அந்தரங்கத்தையும் சேர்த்தே பரப்பினர்.

பெரு நிறுவனங்கள் சட்டத்தை இரசிகர்கள் மீது கடுமையாகப் பிரயோகிக்கின்றன என்ற விமர்சனத்தில் நியாயம் இல்லாமலில்லை. நிறுவனமொன்றின் முறைகேட்டைப் பொதுநலன் கருதி அம்பலப்படுத்துவதும் வேறு விடயமாகும். ஆனால், வெளிவராத காட்சியை முதலில் காட்டினேன் என்ற பெருமைக்குப் பொதுநலன் என்று பெயர் சூட்ட முடியாது.

ஆகவே, பரீட்சார்த்தப் பதிப்பொன்றில் பங்குபற்றுவோர் உடன்படிக்கையை வாசித்த பின்னரே சம்மதம் தெரிவிக்க வேண்டும். எதைக் கூறலாம், எதைக் கூறக்கூடாது என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். கசிந்த காட்சி கைக்கு வருமாயின், அதனைப் பிறருக்கு அனுப்பாமல் அழித்துவிடுவதே பாதுகாப்பானது. உத்தியோகபூர்வ முன்னோட்டம் வெளிவரும்போது அதனைத் தாராளமாகப் பகிரலாம். பிள்ளைகளின் கையில் தொலைபேசியைக் கொடுக்கும் பெற்றோரும் இதனை அவர்களுக்கு எடுத்துரைப்பது அவசியமாகும். ஒரு நாட் பாராட்டுக்காக அனுப்பப்படும் காட்சியொன்று, பல ஆண்டுகள் உழைத்தும் தீர்க்க முடியாத கடனாக மாறிவிடக்கூடும்.