கட்டற்ற இயங்குதளத்தில் வரைகலை இயக்கி நிறுவல்: பழுதறிதலும் கலைச்சொல் தெளிவும் (போடி மலைச்சரிவை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தில் வரைகலை அட்டைக்கான இயக்கியை நிறுவும்போது தோன்றும் தடைகள் திரையில் ஒன்றுபோல் காட்சியளிப்பினும் வெவ்வேறு அடுக்குகளில் எழுபவை. அவ்வடுக்குகளைப் பிரித்தறியும் வரிசையையும், அதற்குத் தமிழில் தேவைப்படும் சொல் தெளிவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், உட்கரு, வரைகலை இயக்கி, பழுதறிதல், கணினித்தமிழ்.

முன்னுரை

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்தால், தேனி மாவட்டம் முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. ஏலத்தோட்டங்கள் எல்லையின் இருபுறமும் உள்ளன. பள்ளிக் கணினிகளின் வரலாறு மட்டும் இருவேறு வழிகளில் சென்றுள்ளது. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் பின்னர்க் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, 2017இல் ‘கைட்’ நிறுவனமாக உருப்பெற்றது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ், சி-டாக் நிறுவனத்தின் ஆக்கமாகும். ஆகவே, லினக்ஸ் இம்மலைச்சரிவுக்குப் புதிதன்று.

போடியில் 2012இல் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கப்பெற்றது. இயந்திரக் கற்றல் பயில்வோர்க்கு வரைகலை அட்டை இன்று கணக்கிடும் கருவியாகவும் விளங்குகிறது. அதன் இயக்கி அமையாதபோது, பலரும் இயங்குதளத்தையே அழித்து மீண்டும் நிறுவ முற்படுகின்றனர். இதனால் கோப்புகள் இழக்கப்படலாம். இணைய இணைப்புச் சீராகக் கிடைக்காத மலைப்பகுதியில் நூற்றுக்கணக்கான மெகாபைட் அளவுள்ள கோப்புகளை மீண்டும் பதிவிறக்க வேண்டியும் வரும். பழுது எவ்வடுக்கில் உள்ளது என்பதை முதலில் அறிவதே இதற்கு மாற்று வழியாகும்.

இயக்கியின் இரு பகுதிகள்

‘இயக்கி’ என ஒரு சொல்லால் குறிக்கப்படுவது உண்மையில் இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, உட்கருவோடு இணைந்து வன்பொருளை நேரடியாகக் கையாளும் உட்கருக்கூறு. மற்றொன்று, பயன்பாட்டு மென்பொருள்கள் அழைக்கும் நூலகங்களின் தொகுதி. இன்டெல், ஏஎம்டி அட்டைகளுக்குரிய உட்கருக்கூறுகள் லினக்ஸ் உட்கருவிலேயே அடங்கியுள்ளன. என்விடியாவின் இயக்கியோ வெளியிலிருந்து வருவது; உட்கரு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அதற்கேற்ப மீண்டும் தொகுக்கப்பட வேண்டும். இப்பணியைத் தானாகச் செய்வது டிகேஎம்எஸ். அவ்வுட்கருவுக்குரிய தலைப்புக் கோப்புகள் இல்லையெனில் தொகுப்பு தோல்வியுறும். முதல் நாள் இயங்கிய அட்டை மறுநாள் இயங்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

பழுதறியும் வரிசை

முதலாவதாக, அட்டை கண்டறியப்பட்டுள்ளதா என்பதையும், எந்தக் கூறு அதனைக் கையாள்கிறது என்பதையும் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளை காட்டும். என்விடியா அட்டையைக் கட்டற்ற இயக்கியான நுவோ முன்னரே பற்றியிருப்பின், நிறுவனத்தின் இயக்கி அதனைப் பெற இயலாது. நுவோவைத் தடைப்பட்டியலில் சேர்த்தல் மட்டும் போதாது. தொடக்க நினைவகப் படிமத்தையும் புதுப்பித்தல் வேண்டும்.

இரண்டாவதாக, கூறு ஏற்றப்பட்டுள்ளதா என்பதை ‘எல்எஸ்மாட்’ காட்டும். தொகுக்கப்பட்டும் ஏற்றப்படாத நிலையில், செக்யூர் பூட் எனும் பாதுகாப்புத் தொடக்கத்தை ஐயுறலாம். கையொப்பமற்ற கூற்றினை அது ஏற்பதில்லை. நிறுவலுக்குப்பின் கணினி மீளத் தொடங்குகையில் தோன்றும் நீலத்திரையில் திறவியைப் பதிவு செய்யாது கடந்துவிடுவோர் பலர். பழுது அங்கேயே நேர்கிறது.

மூன்றாவதாக, கூறும் நூலகமும் ஒரே பதிப்பினவா என நோக்க வேண்டும். புதுப்பித்தபின் கணினியை மீளத் தொடங்காவிடில், நினைவகத்தில் பழைய கூறும் வட்டில் புதிய நூலகமும் இருக்கும். இதற்கு மறுதொடக்கமே போதுமானது.

திரை முற்றிலும் இருளுமாயின், தொடக்கப் பட்டியலில் ‘நோமோட்செட்’ என்னும் அளவுருவைச் சேர்த்து எளிய காட்சியில் நுழைந்து, உட்கருப் பதிவேட்டை வாசிக்கலாம். இது சோதனைக்குரிய வாயில் மட்டுமே, நிலையான தீர்வாகாது.

உரிமமும் பழுதும்

சில தடைகளுக்கு உரிமக் கொள்கையே காரணமாகும். பல அட்டைகளுக்குத் தேவையான நிலைப்பொருள் கட்டற்றதன்று என்பதால், டெபியன் தன் அதிகாரபூர்வ நிறுவல் படிமத்தில் அதனை நெடுங்காலம் சேர்க்கவில்லை. 2022இல் நடந்த உறுப்பினர் வாக்கெடுப்பைத் தொடர்ந்து, 2023இல் வெளிவந்த டெபியன் 12இல் அது இடம்பெற்றது. என்விடியாவும் 2022 மே மாதத்தில் தன் உட்கருக்கூறுகளின் மூலநிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. நூலகப் பகுதி மூடியதாகவே தொடர்கிறது. இயக்கியின் இரு பகுதிகளும் உரிமத்தாலும் வேறுபட்டு நிற்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

என்விடியாவின் நிலைகாட்டும் கருவி, கூறு தொகுக்கப்படாத நிலையிலும் கையொப்பம் மறுக்கப்பட்ட நிலையிலும் ‘இயக்கியுடன் தொடர்புகொள்ள இயலவில்லை’ என்னும் பொருள்பட ஒரே செய்தியையே தருகிறது. ஆங்கிலச் செய்தியே அடுக்குகளைப் பிரிக்காதபோது, தமிழ் விளக்கமும் எல்லாவற்றையும் ‘இயக்கிப் பழுது’ என்று கூறிவிட்டால் கற்போர்க்கு வழி புலப்படாது. ‘உட்கருக்கூறு’, ‘இயக்கி நூலகம்’, ‘நிலைப்பொருள்’, ‘கூற்றுக் கையொப்பம்’ என வேறுபடுத்தி வழங்குவதே பழுதறிதலின் முதற்படியாகும். கணினித்தமிழ்ப் பாடநூல்களும் கலைச்சொல் பட்டியல்களும் இவ்வேறுபாட்டைக் கைக்கொள்ளின், மலைச்சரிவில் தனித்துப் பயிலும் மாணவரும் தம் கணினியை அழிக்காமலே சீர்செய்துகொள்ள இயலும்.